பிரேமா அழுத்தாத பொத்தான்

"யாராச்சும் ஒருத்தர் பொத்தானைப் பார்த்து 'இது என்ன'ன்னு கேட்டாப் போதும், தமிழை எடுத்துட்டு இங்கிலீஷைப் போட்டுடுவேன்" என்று ராபர்ட் முதல் நாளே சொல்லிவிட்டான். இங்கிலீஷ் வந்துவிட்டால் ஷைலாவுக்கு அங்கே வேலை இல்லை. இரண்டு கணினியும் ஒரு ஜெனரேட்டரும் இருக்கிற கம்பெனியில், சொல் தேடுகிறவளைச் சும்மா உட்காரவைத்துச் சோறு போடுவார்களா?

அது 2009. அலோன் என்ற பர்மிய ஊரில் இருந்த ஒரு தமிழ்ச் சங்கம் தன் செய்திகளை இணையத்தில் ஏற்றவும் மாற்றவும் எடுக்கவும் ஒரு மென்பொருள் கேட்டிருந்தது. நிரல் எழுதுவது முதலாளி ராபர்ட். பொத்தான்களுக்குப் பெயர் வைப்பது ஷைலா. பிள்ளைக்குப் பெயர் வைக்கக்கூட இவ்வளவு பாடு கிடையாது. மூன்று அகராதிகளைப் புரட்டி "வரைவு", "காப்பகம்", "நீக்கு" என்று வைத்துக்கொண்டே வந்தவள், எழுதியதை இணையத்துக்கு அனுப்பும் பொத்தானுக்கு மட்டும் இரண்டு நாள் யோசித்து "சமர்ப்பி" என்று வைத்தாள். என்ன மரியாதையான சொல் என்று தன்னைத்தானே மெச்சிக்கொண்டாள்.

ஒரு வாரம் கழித்து இருவரும் சங்கத்துக்குப் போனார்கள். இணையப் பக்கம் கழுவி வைத்த தட்டு மாதிரி காலியாக இருந்தது. மென்பொருளுக்குள் போய்ப் பார்த்தால், "வரைவு" பகுதியில் இருபத்து மூன்று செய்திகள், பிழையில்லாமல், படத்தோடு.

"ஏன் மா பிரேமா, ஒண்ணையும் அனுப்பல?" என்று ராபர்ட் கேட்டான்.

பிரேமா எட்டு வருஷமாகச் சங்கத்தின் மாதப் பத்திரிகையைத் தட்டச்சு செய்கிறவள். "சமர்ப்பிக்கணும்னா அனுமதி வேணுமே. நாலு பிரதி எடுத்துச் செயலாளர் ஆச்சிகிட்ட கொடுத்திருக்கேன். ஆபீஸ்லேருந்து வரட்டும்னு இருக்கேன்."

அந்த ஊரில் அச்சுக்குப் போகிற எதுவும் முதலில் அரசாங்கத் தணிக்கை அலுவலகத்துக்குப் போகும். சாவகாசமாக, சிவப்பு மையில் நாலு வரி அடிபட்டுத் திரும்பி வரும். பிரேமா கண்ட சமர்ப்பணம் அது ஒன்றுதான்.

ராபர்ட் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். ஷைலாவுக்கு அழுகையே வந்துவிட்டது. இதே ஊரில் பிறந்து வளர்ந்தும் இது தோன்றவில்லையே என்று வெட்கமாக இருந்தது.

"இங்கிலீஷ்தான்" என்றான் ராபர்ட்.

"அவங்க 'இது என்ன'ன்னு கேக்கலையே, கோ ராபர்ட். காத்துகிட்டுதானே இருந்தாங்க" என்றாள் ஷைலா. 'கோ' என்றால் பர்மிய மொழியில் அண்ணன்.

அவன் தலையைச் சொறிந்தான். "சரி, சாயங்காலம் வரைக்கும் டைம் தரேன்."

ஷைலா அகராதியை மூடிவிட்டுப் பிரேமாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். "சங்கத்துச் சேதியில யாரையும் கேக்காம நீங்களா செய்யிறது ஏதாச்சும் இருக்கா?"

"வாசல் பலகையில காகிதம் ஒட்டுவேன். அதுக்கு யாரைக் கேக்கணும்? பழசாயிட்டா கிழிச்சுப் போடுவேன்."

அரை மணி நேரத்தில் பெயர்கள் மாறின. "சமர்ப்பி" போய் "ஒட்டு" வந்தது. "நீக்கு" போய் "கிழி" வந்தது. "வரைவு" வெறும் "எழுதி வச்சது" ஆயிற்று. "பசையும் சேர்த்துக் கொடுக்கணுமா?" என்று கேட்டபடியே ராபர்ட் மாற்றிக் கொடுத்தான்.

பிரேமா இருபத்து மூன்றையும் மளமளவென்று ஒட்டினாள். "இதுல யாரும் சிவப்பு மை அடிக்க மாட்டாங்களா?"

"மாட்டாங்க" என்றாள் ஷைலா.

பிரேமா புதிதாக ஒன்றைத் தட்டி, மற்றவர்கள் படிப்பதற்குள் ஒட்டிவிட்டாள்: "மூன்று வருடமாக அன்னதானப் பாயசத்தில் முந்திரி இல்லை. சமையல் கமிட்டி கவனிக்க வேண்டும்."

சமையல் கமிட்டியின் தலைவி நாச்சியம்மை ஆச்சி. சங்கத்தின் செயலாளரும் அவர்தான். இந்த மென்பொருள் வேண்டுமா வேண்டாமா என்று சொல்ல வேண்டியவரும் அவர்தான். நேரம் பார்த்து உள்ளே வந்த ஆச்சி, பின்னால் நின்று அதைத்தான் படித்துக்கொண்டிருந்தார்.

"எந்திரி" என்றார் ஆச்சி. பிரேமா எழுந்தாள்.

ஒரு காலத்தில் குடும்பக் கடையில் தமிழ் டைப்ரைட்டர் தட்டிப் பழகிய ஆச்சி, இந்த மென்பொருளைப் பார்ப்பது அதுதான் முதல் தடவை. மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு திரையை மேலிருந்து கீழே பார்த்தார். "கிழி" மேல் அவர் பார்வை கொஞ்ச நேரம் நின்றது. பிறகு நகர்ந்து, "புதுசு" என்பதை அழுத்தித் தட்டத் தொடங்கினார்.

"அந்த மூன்று வருடமும் முந்திரி உடைத்தவர் பிரேமா. உடைத்ததில் பாதிதான் அடுப்புக்கு வந்தது."

"ஒட்டு" என்பதை அழுத்திவிட்டு எழுந்தார். யாரையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.