மூப்பரின் சட்டைப்பை

“அழாம சொல்லணும். அழுதா சாட்சி கெட்டுப்போயிடும்,” என்றாள் மாமியார், குழம்பில் உப்பைக் குறைத்துப் போடச் சொல்லும் குரலில். “எங்க, இன்னொரு தடவ சொல்லு.”

மருமகள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். பால் கட்டாமலிருக்க மார்பைச் சுற்றி இறுக்கியிருந்த துணி, மூச்சு விடும்போதெல்லாம் உறுத்தியது. குழந்தை இறந்து பிறந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை.

“அண்டசராசரத்தையும் ஆளுற ஆண்டவர் என் குழந்தைய எடுத்துக்கிட்டதுக்காக...” நிறுத்தினாள். “அத்தை, அடுத்த வார்த்தை வரமாட்டேங்குது.”

“நன்றி. மூணே எழுத்து. அதுகூடவா வராது?”

அவர்கள் போகும் சபையில் அப்படி ஒரு வழக்கம். சாவு விழுந்த வீட்டார் அடுத்த ஞாயிறே ஆராதனையில் எழுந்து நின்று, சாட்சியாக, நன்றி சொல்ல வேண்டும். சொல்லாதவர்கள் ஆண்டவரோடு வழக்காடுகிறவர்கள். அவர்கள் வீட்டுக்கு அப்புறம் யாரும் ஜெபிக்க வரமாட்டார்கள்; பேச மட்டும் பேசுவார்கள்.

போதாக்குறைக்கு மாமனார் அந்தச் சபையின் மூப்பர். வாரநாட்களில் பெயிண்ட் வியாபாரி. படைத்தவர் ஆளும்போது படைக்கப்பட்டவர்கள் முனகக்கூடாது என்பது அவர் வீட்டுச் சட்டம். குழாயில் தண்ணீர் நின்றாலும், கடைவாய்ப் பல் வலித்தாலும், முதலில் ஸ்தோத்திரம், பிறகுதான் மற்றது. இந்தச் சட்டத்திலிருந்து விலக்குப் பெற்றது அவருடைய புதுக் கார் ஒன்றுதான். பக்கத்து வீட்டுச் சைக்கிள் அதன் கதவில் உரசிய அன்று, மூப்பர் ஆண்டவரின் சித்தத்தைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. சைக்கிள்காரனின் பரம்பரையைப் பற்றிச் சொன்னார்.

அந்தக் கார்தான் குழந்தை இறந்த அன்று மத்தியானம் வாசலில் நின்றது. மருமகளுக்குத் திடீரென்று ரத்தம் போக ஆரம்பித்திருந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு முன்னறைக்கு வந்தாள்.

“மாமா, ஆஸ்பத்திரிக்குப் போகணும். கார்ல...”

மூப்பர் பின்சீட்டில் வெள்ளைத் துண்டு விரித்துவிட்டு அப்போதுதான் உள்ளே வந்திருந்தார். வெளியூர்ப் பிரசங்கியாரை அழைத்துவர ஸ்டேஷனுக்குப் போக வேண்டும். சீட்டின் பிளாஸ்டிக் உறையைக் காலையில்தான் பிரித்திருந்தார்கள்.

“சீட்டெல்லாம் கறையாயிடுமேம்மா,” என்றார் தயவாக. “டாக்சிக்குச் சொல்லியாச்சு. பயப்படாத. எல்லாம் அவர் கையில இருக்கு.”

கடையில் பெயிண்ட் கலக்கிக்கொண்டிருந்த கணவன், கையைக்கூடக் கழுவாமல் ஓடிவந்தபோது கார் கிளம்பிவிட்டது. டாக்சி இன்னும் வரவில்லை. ஆஸ்பத்திரியில் டாக்டர், “கொஞ்சம் முன்னாடி வந்திருந்தா...” என்று தொடங்கி, முடிக்காமல் கை கழுவப் போய்விட்டார். பிரசங்கியாரின் ரயில் அன்று தாமதம். கார் வெகுநேரம் ஸ்டேஷன் மரநிழலில், சீட்டில் ஒரு கறையும் படாமல் நின்றுகொண்டிருந்தது.

“நீங்களாவது அப்பாகிட்ட ஏன்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்,” என்றாள் அவள், சனிக்கிழமை, கணவனிடம்.

“அப்பாகிட்டயா?” கடலைக் கொஞ்சம் தள்ளிப்போகச் சொன்னதுபோல் அவன் விழித்தான். அவன் நகக்கண்ணில் இன்னும் மஞ்சள் பெயிண்ட் இருந்தது. கடையில் விலைபோகாத மஞ்சள். குழந்தைக்கென்று பின்னறைச் சுவருக்கு அவனே அடித்தது. “நாளைக்கு எப்படியாவது சொல்லிடு. இல்லன்னா அவர் மூஞ்சில எப்படி முழிக்கிறது?”

ஞாயிறன்று பிரசங்கியார் நட்சத்திரங்களில் தொடங்கி எறும்பு வரைக்கும் வந்தார். ஆண்டவர் அனுமதியில்லாமல் ஒரு இலைகூட அசையாது என்றார். சபை ஸ்தோத்திரம் என்றது. அவர் மூச்சு வாங்கிய இடத்திலும் ஸ்தோத்திரம் என்றது. பிறகு சாட்சி நேரம்.

மருமகள் எழுந்தாள். மாமியாரின் உதடுகள் மனப்பாட வரியை முன்கூட்டியே அசைத்தன.

“கடலும் காத்தும் ஆண்டவர் சொன்னா கேக்கும். எனக்கு அதுல சந்தேகமே இல்ல.”

“ஸ்தோத்திரம்!” என்றது சபை.

“அன்னிக்கு எனக்கு ரத்தம் போச்சு. கார் வாசல்லதான் நின்னுச்சு.”

“ஸ்தோத்திரம்!”

“கார் சாவி ஆண்டவர் கையில இல்ல. மாமா சட்டைப்பையில இருந்துச்சு.”

“ஸ்தோத்திரம்! அல்லேலூயா!” பின்வரிசையில் யாரோ கைதட்டினார்கள். கீபோர்டுக்காரர் அதையே குறிப்பாக எடுத்துக்கொண்டு பாட்டைத் தொடங்கிவிட்டார். எல்லோரும் எழுந்து நின்று பாடினார்கள். அவள் நன்றி சொல்லவில்லை என்பதை ஒருவரும் கவனிக்கவில்லை. மூப்பரின் கை மட்டும் தன்னையறியாமல் சட்டைப்பையைப் பொத்தியது. மாமியார் பாட்டுப் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்திருந்தாள்.

வாசலில் பெண்கள் வரிசையாக வந்து அவள் கையைப் பிடித்தார்கள். “அழாம பேசினியேம்மா. கேக்கவே எவ்வளவு ஆறுதலா இருந்துச்சு!” பிரசங்கியாருக்குக் கண் கலங்கியிருந்தது. “அடுத்த ஊர்க் கூட்டத்துல இந்தப் பொண்ணப் பத்திச் சொல்லுவேன்,” என்றார்.

அவள் யார் முகத்திலாவது அந்தச் சாவி தெரிகிறதா என்று தேடினாள். எல்லா முகத்திலும் ஆறுதல் மட்டுமே தெரிந்தது.

கணவன் காரின் பின்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றான். மூப்பர் முன்னால் ஏறி, திரும்பிப் பார்க்காமல், “ஏறச் சொல்லு,” என்றார்.

“வேண்டாம் மாமா,” என்றாள் மருமகள். “எனக்கு இன்னும் நிக்கல. சீட் அழுக்காயிடும்.”

அவள் சாலையோரமாக மெல்ல நடக்கத் தொடங்கினாள். கணவன் கதவைப் பிடித்தபடி அவளைப் பார்த்தான், அப்பாவைப் பார்த்தான், கதவைச் சாத்தினான். உள்ளே உட்கார்ந்துகொண்டு.