அரை நொடிச் சிரிப்பு

நிச்சயதார்த்த வீடியோவில் கீர்த்தனா சிரித்துக்கொண்டிருந்தாள். அதுதான் வினையாகப் போயிற்று. நிச்சயம் முறிந்து ஒரு வருஷம் ஆகியும், சிங்கப்பெருமாள் கோயிலுக்கு மேற்கே இருக்கும் அவள் ஊரில் யாரும் அவள் சொன்னதை நம்பவில்லை. மேடையில் பல்லெல்லாம் தெரியச் சிரித்துவிட்டு, அப்புறம் வந்து எனக்கு அன்றைக்கே பிடிக்கவில்லை என்றால் யார் நம்புவார்கள்? வீடியோவோ எல்லார் போனிலும் இருக்கிறது. மாப்பிள்ளை வீட்டார் அதைப் போட்டுக் காட்டித்தான் நியாயம் கேட்டார்கள். பெற்ற தாய் வசந்தாவே ஒரு நாள், "நீ சிரிச்சினுதானே இருந்த?" என்று கேட்டுவிட்டாள். ஊர்ப் பேச்சையெல்லாம் தூசியாகத் தட்டிவிட்ட கீர்த்தனாவுக்கு அந்த ஒரு கேள்வி மட்டும் ஆறவே இல்லை.

அந்தச் சிரிப்பு எப்படி வந்தது என்று அவளுக்குத் தெரியும். செங்கல்பட்டில் சம்பத்தின் கல்யாண ஸ்டூடியோவில் எடிட்டிங் பார்ப்பவள் அவள். பெண் விறைத்துப்போய் நின்றால் கேமராவுக்குப் பின்னாலிருந்து சம்பத் "சிரிமா" என்பார். பழக்கதோஷத்தில் உதடு அரை நொடி விரியும். அந்த அரை நொடியைப் பிடித்து ஸ்லோ மோஷனில் இழுத்து, மேலே ஒரு பாட்டைப் போட்டுவிட்டால் போதும், பெண் பூரித்துப் போயிருக்கிறாள் என்று ஊரே சொல்லும். எத்தனையோ பெண்களுக்கு இந்தத் திருப்பணியைக் கீர்த்தனாவே செய்திருக்கிறாள். அவளுடைய நிச்சயத்துக்கு மட்டும், நம்ம வீட்டுப் பெண் என்று சம்பத் தானே படம் பிடித்து, தானே எடிட் செய்து கொடுத்தார்.

பேசிப் பேசி அலுத்துப்போய்தான் அவள் ஒரு குறும்படம் எடுத்தாள். அன்றைக்கு மேடையில் அவள் கண்ணுக்கும் காதுக்கும் என்ன எட்டியதோ அது மட்டும்தான் படம். முதலில் வீடியோ லைட்டின் கண் கூசும் வெள்ளை; அதற்குள் ஆட்கள் நிழலாக அசைவார்கள். ஜெனரேட்டர் சத்தம் ஏறிக்கொண்டே போகும். பிறகு திரை முழுக்க இருட்டு. இருட்டில் எச்சில் விழுங்கும் சத்தம், மூச்சு, எங்கோ யாரோ அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் குரல். முகம் என்று ஒன்றுகூடக் கிடையாது. இதில் கதை எங்கே என்று கேட்பவர்கள் தாராளமாக எழுந்து போகட்டும் என்று அவள் முடிவு கட்டியிருந்தாள். அம்மா மட்டும் உட்கார்ந்து பார்த்தால் போதும்.

மாமல்லபுரத்தில் கடலோரக் கூடம் ஒன்றில் இந்த மாதிரிப் படங்களைத் திரையிடும் ஜெரோம், ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவளுக்கு இடம் கொடுத்தான். அன்று காலையில் பார்த்து அவளுக்கு ஒரு மஞ்சள் நீராட்டு விழாவைப் படம் பிடிக்கும் வேலை வந்து தொலைத்தது. ஸ்டூடியோ கம்ப்யூட்டரில் இருக்கும் படத்தைப் பென் டிரைவில் போட்டு எடுத்து வரும்படி சம்பத்திடம் சொல்லிவிட்டுப் போனாள். அவரும் வேட்டி கட்டிக்கொண்டு குஷியாக வந்து சேர்ந்தார். திருக்கழுக்குன்றம் வழியாக பஸ் மாறி வந்த வசந்தா, நாலு பேர் நடுவில் இதைப் போட்டுக் காட்டியே ஆக வேண்டுமா என்று முணுமுணுத்துக்கொண்டே கடைசி வரிசையில் உட்கார்ந்தாள்.

விளக்கு அணைந்தது. வெள்ளை வந்தது, நிழல்கள் வந்தன, ஜெனரேட்டர் உறுமியது. கூடம் அடங்கிவிட்டது. இனி இருட்டு வர வேண்டும்.

இருட்டு வரவில்லை. பூச்சரம் சுற்றிய பார்டருக்குள் பட்டுப்புடவை கட்டிய கீர்த்தனா வந்தாள். மெதுவாக, மிக மெதுவாகச் சிரித்தாள். பின்னால் ஒரு காதல் பாட்டு.

விழா வேலையை முடித்துக்கொண்டு நேரே வந்து உட்கார்ந்திருந்த கீர்த்தனாவுக்கு ரத்தம் தலைக்கேறியது. பக்கத்திலிருந்த சம்பத், பாராட்டை எதிர்பார்த்து அவள் காதோரம் குனிந்தார்.

"நடுவுல கிளிப் வுட்டுப்போயி ஒரே கருப்பா இருந்துச்சும்மா. நல்ல காரியத்துல கருப்பு வரலாமா? நான்தான் நம்ம ஃபுட்டேஜ எடுத்து ரொப்பிட்டேன்."

பாவம், அவர் மேல் குற்றம் சொல்லவும் வழியில்லை. கல்யாண வீடியோவில் ஒரு கணம் திரை கருத்தாலும் அபசகுனம் என்று பெண் வீட்டார் சண்டைக்கு வந்துவிடுவார்கள். கருப்பைக் கண்டால் அடைத்துவிடுவது அவருக்குக் கைப்பழக்கம். ஆனால் எந்தச் சிரிப்பு பொய் என்று சொல்ல அவள் இத்தனை பாடுபட்டாளோ, அதே சிரிப்பு இப்போது சுவர் அளவுக்கு நின்றது. அம்மா அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முன் வரிசையில் யாரோ, பெண் களையாக இருக்கிறாள் என்றுகூடச் சொன்னார்கள்.

கீர்த்தனா எழுந்தாள். நாற்காலிகளுக்கு நடுவே நேராக நடந்துபோய் புரொஜெக்டர் லென்ஸின் மேல் உள்ளங்கையை அழுத்தி வைத்தாள். கூடம் கும்மிருட்டானது. பாட்டையும் நிறுத்தச் சொன்னாள். ஜெரோம் நிறுத்தினான். உள்ளங்கை சுட்டது. சுடட்டும் என்று நின்றாள்.

"அந்தச் சிரிப்ப நம்பாதீங்க," என்றாள். "எனக்கு அன்னிக்கு இதான் தெரிஞ்சுது. இந்த இருட்டுதான். எம் பேரச் சொல்லிக் கூப்புடறாங்க, எனக்கு வாயி தொறக்கல. சிரிமான்னு ஒரு கொரலு வந்துச்சு. உதடு அதுவா விரிஞ்சுது. நான் சிரிக்கல."

சம்பத்தின் நாற்காலி ஒரு தடவை கிறீச்சிட்டு ஓய்ந்தது. சமாளித்துவிடலாம் என்று ஜெரோம் மெல்ல அவள் பக்கம் வந்தான். ஒரிஜினல் ஃபைலை நாளைக்கு வாங்கி, அடுத்த மாதம் ஒழுங்காகப் போட்டுவிடலாம் என்றான்.

"அடுத்த மாசம் வேணா. இதான் படம். குந்திப் பாருங்க."

அவளுக்கு மூச்சு வாங்கியது. எச்சில் விழுங்கிய சத்தம் கடைசி வரிசை வரைக்கும் கேட்டிருக்கும். ஒருத்தர் எழுந்து வெளியே போனார். அவருக்குப் பின்னால் இன்னொருத்தர். அவள் கையை எடுக்கவில்லை. பயமாகத்தான் இருந்தது. ஆனால் மேடையில் நின்றபோது இல்லாத ஒரு திமிர் இப்போது இருந்தது, அதை அவள் விடுவதாக இல்லை.

வெளியே போகக் கிளம்பிய மூன்றாவது ஆள் கதவோரம் சுவரைத் தடவி ஸ்விட்சைத் தேடினார். அப்போது கடைசி வரிசையிலிருந்து வசந்தாவின் குரல் வந்தது.

"லைட்டப் போடாத நைனா. எம் பொண்ணு இன்னும் முடிக்கல."