செவி சாய்த்த முகம்

முருகலட்சுமி அறைக்குள் உட்கார்ந்து வரைகிறவள் இல்லை. வெயில் விழும் இடத்திலேயே நின்று, அது மாறுவதற்குள் சின்னச் சின்னத் தீற்றல்களாக வைத்துவிட வேண்டும் அவளுக்கு. முதுகுளத்தூர்ப் பள்ளியில் ஓவிய ஆசிரியை. இம்ப்ரெஷனிஸப் பைத்தியம் என்று உடன் வேலை பார்க்கிறவர்கள் கேலி செய்வார்கள். மதுரையில் அவளுடைய முதல் கண்காட்சிக்குப் பத்து நாள்தான் இருந்தது. கமுதியில் கூடப் படித்த யோகேஸ்வரன், இப்போது சென்னையில் சினிமாவுக்கு இசையமைக்கிறவன், ஊருக்கு வந்திருந்தான். கண்காட்சிக் கூடத்தின் நடுச்சுவருக்கு அவன் படம்தான் என்று முடிவு செய்தாள்.

அவன் வீட்டு மிளகாய்க் களத்தில் நாற்காலி போட்டாள். நாலரை மணி வெயிலில், காயும் வத்தலின் சிவப்பு அவன் வெள்ளைச் சட்டையிலும் தாடையிலும் ஏறும். அரைமணி நேரம்தான் அந்த நிறம் நிற்கும். அவனோ ஐந்து நிமிடம் நிலையாக உட்கார மாட்டான். எழுந்து நடப்பான், போனை எடுப்பான், நாற்காலியைத் திருப்பிப் போடுவான். அவள் எங்கே நின்றாலும் வலப்பக்கத்தையே காட்டினான். அழகு பார்க்கிறான் என்று நினைத்துக்கொண்டாள்.

மூன்றாம் நாள் அவனுக்கு இடப்புறமிருந்து ஒரு டிராக்டர் ஹாரன் அடித்துக்கொண்டு வந்தது. அவன் பதறி வலப்பக்கம் திரும்பித் தேடினான். அங்கே ஒன்றுமில்லை.

அவள் கை நின்றது. கேன்வாஸைப் பார்த்தாள். கழுத்தைத் திருகி, ஒரு காதை முன்னால் நீட்டி, எதையோ பிடிக்கத் தவிக்கும் முகம். அவள் அறியாமலே வரைந்திருந்தாள். அவனும் எழுந்து வந்து பார்த்தான்.

“இடது காதா?” என்றாள்.

எட்டு மாதமாகக் கேட்கவில்லை, இனி வராது என்று டாக்டர் சொல்லிவிட்டார் என்றான். வெளியே தெரிந்தால் கையிலிருக்கும் சினிமா வாய்ப்பு போய்விடும்.

“இத யாருக்கும் காட்டாத லட்சுமி. நான் பொழைக்கணும்.”

சரி என்றாள். ஆனால் இதுபோல ஒரு படம் அவள் இதற்கு முன் வரைந்ததில்லை. இரண்டு நாள் வீட்டுக்குள் குட்டி போட்ட பூனையாகச் சுற்றினாள். முகத்தைச் சுரண்டி நேராக்கிவிடலாம் என்று கத்தியை எடுத்தாள், மனம் வரவில்லை. யாருக்குத் தெரியப்போகிறது என்று தோன்றும். அவனுக்குத் தெரியுமே என்று அடுத்த நொடியே உறுத்தும். கடைசியில் ஆளில்லாத களத்தை வரைந்து மதுரைக்கு அனுப்பினாள்.

கண்காட்சியின் நாலாம் நாள் அவனே வந்தான். காது விஷயத்தை டைரக்டரிடம் சொல்லிவிட்டானாம். வேறு ஆளைப் போட்டுவிட்டார்கள்.

“ஏன் சொன்ன?”

“அந்த மூஞ்சியப் பாத்த பெறகு கேக்குற மாதிரி நடிக்க முடியல. போயி அந்தப் படத்த எடுத்துட்டு வா.”

தான் வரையாமலிருந்தால் அவன் வேலை நிலைத்திருக்குமே என்று ஊருக்குப் பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் மனது அடித்துக்கொண்டது.

கடைசி இரண்டு நாள் படம் நடுச்சுவரில் இருந்தது. யோகேஸ்வரன் கூடத்துக்குள் இருப்புக்கொள்ளாமல் நடந்தான். யாராவது படத்தின் முன் நின்றால் அருகில் போய், அது நான்தான் என்றான். அவளால் அந்தப் பக்கம் பார்க்க முடியவில்லை.