நோட்டில் வளைத்த காட்டர் பின்

1.

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதை வீம்பில் பிறந்தது. என் மனைவி பிக்கப் வண்டி ஓட்டி, வீடு மாறுகிறவர்களின் சாமான்களை ஏற்றி இறக்குகிறவள். பத்து நாளாக ஸ்டியரிங் கடகடவென்று ஆடுகிறது. முன்சக்கரத்தைத் திருப்பிவிடும் தண்டின் முனை, டை ராட் எண்ட் என்பார்களே, அது தேய்ந்துபோயிருந்தது.

"அண்ணன்கிட்ட விட்டுரலாம்" என்றாள். அவள் அண்ணன் மெக்கானிக். எனக்குச் சுருக்கென்றது.

"நானே மாத்தறேன்" என்றேன். மாற்றுவதை அப்படியே கதையாகவும் எழுதிவிடுகிறேன் என்று வாய் வேறு விட்டேன்.

2.

முதல் தொடக்கம்: 'இரும்பு தன் மௌனத்தை' (சீ, வேண்டாம்.)

இரண்டாவது: 'பழைய முனையைப் பதினேழு சுற்றில் கழற்றினேன், புதியதையும் அதே பதினேழு சுற்றுக்கு'

(உண்மையில் பதினாறு. பதினேழுதான் வாயில் நன்றாக உருண்டது. வண்டியில் பதினாறுதான் சுற்றினேன், சக்கரம் கோணாது, பயப்படாதீர்கள்.)

மூன்றாவதில் மச்சானைக் கொண்டுவந்து, ஒரு நட்டுகூடக் கழற்றத் தெரியாத அரைகுறை மெக்கானிக்காக ஆக்கினேன். மனைவி பின்னால் நின்று படித்துவிட்டாள்.

"நட்டு கழலாம ஒரு மணி நேரம் திணறுனது நீங்க. எங்கண்ணனை எதுக்கு வம்புக்கு இழுக்கறீங்க?"

"கதைம்மா அது."

"வண்டியும் கதைதானா? நாலு மணிக்கு நான் கிளம்பணும்."

மச்சானை அடித்துவிட்டேன். (வரியைத்தான்.)

3.

வேலை நடந்த லட்சணம் இதுதான்: ஒரு நட்டு, உடனே ஓடிவந்து ஒரு வரி. மறுபடி ஒரு நட்டு, ஒரு வரி. நோட்டு முழுக்கக் கிரீஸ். எவனாவது இப்படி வேலை பார்ப்பானா? நான் பார்த்தேன். சக்கரத்தை மாட்டி, ஜாக்கியை இறக்கி, கையைக் கழுவிவிட்டு உட்கார்ந்து கடைசி வரியை வாசித்தேன்.

'நட்டை இறுக்கி, அது கழலாமல் இருக்கக் காட்டர் பின் கம்பியை ஓட்டைக்குள் செருகி, அதன் இரண்டு முனையையும் வளைத்துவிட்டேன்.'

நல்ல வரிதான். ஆனால் இதை எப்போது எழுதித் தொலைத்தேன்? வளைத்துவிட்டு வந்தா, வளைக்கப் போவதற்கு முன்பா? மண்டையைப் பிய்த்துக்கொண்டு யோசிக்கிறேன். இடுக்கியைப் பிடித்த ஞாபகம் இல்லை. பேனாவைப் பிடித்த ஞாபகம் மட்டும் நன்றாக இருக்கிறது.

அந்தப் பின் இல்லாவிட்டால் நட்டு மெல்லக் கழலும். ஏதோ ஒரு வளைவில் அவள் ஸ்டியரிங்கைத் திருப்புவாள். சக்கரம் திரும்பாது.

4.

முடிவு ஒன்று: பின் இருக்கிறது. அவள் ராத்திரி வந்து, "பரவால்லையே, ஆட்டமே இல்ல" என்கிறாள்.

முடிவு இரண்டு: பாலத்து வளைவில் அவள் (எழுத மாட்டேன். என்னால் முடியாது.)

முடிவு மூன்று: ஓடிப்போய் வண்டியை நிறுத்தி, அடியில் படுத்துப் பார்க்கிறேன். பின் இருந்தால் ஆயுசுக்கும் கேலி. இல்லாவிட்டால் அண்ணன் வருவார், சிரித்துக்கொண்டே.

வெளியே வண்டி உறுமுகிறது.

"கிளம்பறேங்க! கதை முடிஞ்சுதா?"

முடியவில்லை. இன்னும் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறேன் பாருங்கள், என்ன ஜென்மமோ நான்! இந்தாருங்கள், நோட்டை நீங்கள் பிடியுங்கள். இரண்டாவது முடிவை மட்டும் அடித்துவிடுங்கள், உங்களுக்குப் புண்ணியமாகப் போகும். மற்றதில் எதை வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளுங்கள், நான் போகிறேன்.

"ஏய், நில்லு, நில்லு! வண்டிய எடுக்கா..."