சுத்தம் செய்யப்போன துப்பாக்கிகள்

லொரெய்ன் அக்கா தன் துப்பாக்கிக் கடையின் கண்ணாடி மேடையின் மேல் மூன்று துப்பாக்கிகளை வரிசையாகக் கிடத்தினாள். மூன்றும் சின்னக் குண்டு போடும் இருபத்திரண்டு ரகம். ஒரு முறை சுட்டால் அடுத்த குண்டைத் தானே ஏற்றிக்கொள்ளும். விசையை மட்டும் நாம் மறுபடி அழுத்த வேண்டும். மிச்சிகனின் வடகோடியில், எங்கள் ஊரில், பத்தொன்பது வயதாகியும் இப்படியொன்று சொந்தமாக இல்லாதவனை, ஓட்டுநர் தேர்வில் நான்காவது முறையும் தோற்றவனைப் போலத்தான் பார்ப்பார்கள். நான் பன்னிரண்டு வயதிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

"எதுவானாலும் முந்நூறு டாலருக்குள்ள காட்டு. பையனோட முதல் துப்பாக்கி, அவனே எடுக்கட்டும்" என்றார் அப்பா.

அப்பா முகம் மழித்திருந்தார். அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. போன வருஷம் அக்டோபரில் அம்மா இறந்த பிறகு அவர் சவரம் செய்து நான் பார்த்ததில்லை; இன்று எதையோ முடிவு செய்துவிட்டவர்போல் மழித்திருந்தார். ஜனவரியில் ஒருநாள் கொட்டகைக் கதவை உள்ளே தாழிட்டுக்கொண்டு சாயங்காலம்வரை உட்கார்ந்திருந்தார். மறுநாள் அம்மாவின் தம்பி உர்ஹோ மாமா வண்டியோடு வந்து, வீட்டிலிருந்த ஏழு துப்பாக்கிகளையும் போர்வைகளில் சுற்றி ஏற்றினார். "எல்லாம் அழுக்கா இருக்கு அத்தான். சுத்தம் பண்ணித் தரேன்" என்றார். அப்பா "ம்" என்றார். எங்கள் ஊரில் இந்த விஷயத்தைப் பற்றி இதற்கு மேல் யாரும் பேசுவதில்லை. பத்து மாதமாகச் சுத்தமாகிக்கொண்டிருக்கின்றன. அதற்குள் ஒரு போர்க்கப்பலையே துடைத்து முடித்திருக்கலாம். மாமா திருப்பித் தரவில்லை, அப்பாவும் கேட்கவில்லை.

வரும் வழியில் அப்பா சாதாரணமாகச் சொன்னார். "உன் காலேஜ் விடுதியில விட மாட்டாங்க. வீட்டுலயே இருக்கட்டும், நான் பாத்துக்கறேன்."

ஞாயிற்றுக்கிழமை நான் பேருந்து ஏறிவிடுவேன். வீட்டில் அப்பா இருப்பார். அதுவும் இருக்கும்.

முதல் துப்பாக்கியை எடுத்துத் தோளில் வைத்தேன். விலை குறைந்தது, பிளாஸ்டிக் கட்டை. என்னை அளவெடுத்துச் செய்ததுபோல் உட்கார்ந்தது. கண் தானாகக் குறிமுனையில் போய் நின்றது.

"கட்டை நீளமா இருக்கு" என்றேன்.

"உனக்குக் கைதான் குட்டை" என்றாள் லொரெய்ன் அக்கா. "இத புடி, மரக்கட்டை."

"கனம்."

"அஞ்சு பவுண்டுடா ஆர்வி! உன் புத்தகப்பை இதவிடக் கனம். ஓ, புத்தகமெல்லாம் நீ தூக்கறதில்லையோ?"

மூன்றாவது, யாரோ பயன்படுத்தியது. விசை கடினம் என்றேன். அவள் உள்ளே போய் இன்னும் இரண்டு கொண்டுவந்தாள். மான் வேட்டை உரிமச் சீட்டுக்காக எனக்குப் பின்னால் நின்றிருந்த தடியர் பெருமூச்சு விட்டார். "தம்பி, மான் எல்லாம் வயசாகிச் செத்துடும்டா. சீக்கிரம்."

"இளவரசருக்குத் தங்கத்துல செஞ்சு தரச் சொல்லவா?" என்றாள் அக்கா.

நான்காவதில் குண்டுப்பேழை ஆடுகிறது என்றேன். அது ஆடவில்லை. ஐந்தாவதில் சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை.

"நிறம் பிடிக்கல."

அது கறுப்பு. துப்பாக்கி கறுப்பாகத்தான் இருக்கும். தடியர் சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை. என்னைப் பார்த்தாள், முகம் மழித்திருந்த அப்பாவைப் பார்த்தாள், பிறகு துப்பாக்கிகளை ஒவ்வொன்றாக அலமாரியில் திருப்பி வைக்க ஆரம்பித்தாள். யாரும் அவளிடம் வைக்கச் சொல்லவில்லை.

அப்பா காலியாகிவிட்ட கண்ணாடி மேடையைப் பார்த்தார். "அவனுக்குப் பிடிக்கல லொரெய்ன். விடு" என்றார். கல்லாப்பெட்டிக்குப் பக்கத்திலிருந்து சிறிய எண்ணெய்ப் புட்டி ஒன்றை எடுத்தார். துப்பாக்கி துடைக்கிற எண்ணெய். அதற்கு மட்டும் காசு கொடுத்தார்.

வண்டி வீட்டுப் பக்கம் திரும்பவில்லை. உர்ஹோ மாமா வீட்டு வாசலில் நின்றது. அப்பா எஞ்சினை அணைத்துவிட்டு, புட்டியை என் மடியில் வைத்தார்.

"உன் மாமாகிட்ட குடு. பத்து மாசமா துடைக்கறான், பாவம். தீர்ந்திருக்கும்."

அவர் முகத்தில் கேலி இருந்ததா என்று பார்த்தேன். சொல்ல முடியவில்லை. இறங்கினேன்.

மாமா கதவைத் திறந்தார். ஒரு கையில் பாதி தின்ற இறைச்சி அப்பம். புட்டியைப் பார்த்தார். "என்னடா இது?"

"தீர்ந்திருக்கும்னு சொன்னாரு."

மாமா மெல்லுவதை நிறுத்தினார். "வேற என்ன சொன்னாரு?"

"ஒண்ணும் சொல்லல."

பனி கொட்ட ஆரம்பித்திருந்தது. வண்டியின் முன்கண்ணாடியில் விழுந்து விழுந்து, அப்பாவின் நெற்றி மறைந்தது, பிறகு கண்கள், பிறகு மழித்த மோவாய். மாமா செருப்பில்லாமல் படியில் ஒரு அடி இறங்கி நின்றார். எண்ணெய்ப் புட்டி அவர் கையில் இருந்தது. வெள்ளையாகிவிட்ட அந்தக் கண்ணாடியில், எங்களைப் பார்ப்பதற்காகவாவது அப்பா துடைப்பானை ஒரு முறை அசைக்க வேண்டுமென்று இருவரும் பார்த்துக்கொண்டே நின்றோம்.