உள்ளே விட்ட துணி

டாக்டரம்மா இரண்டு ரத்தப் பரிசோதனைத் தாள்களையும் அருகருகே வைத்துப் பார்த்தார்.

“தைராய்டு கொஞ்சம் மந்தமா வேலை செய்யுது. ரெண்டு தடவையும் மதில்மேல் பூனைதான். தொந்தரவு இருந்தா மாத்திரை ஆரம்பிச்சுப் பாக்கலாம். இல்லேன்னா சும்மா விட்டு, சில மாசம் கழிச்சு மறுபடி ரத்தம் பாக்கலாம். களைப்பு இருக்கா?”

“கொஞ்சம் சோம்பேறித்தனம் டாக்டர், வேறொண்ணுமில்ல,” என்றாள் தையற்காரரின் மனைவி.

“எடை கூடியிருக்கா?”

அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். “இல்லவே இல்ல. போன வருஷத்துச் சட்டைதான் இது. எவ்வளவு கச்சிதமா இருக்கு பாருங்க!”

பக்கத்து நாற்காலியில் தையற்காரருக்கு வியர்த்தது.

வியர்க்காமல் என்ன செய்யும்? ஒருநாள் சட்டைக் கொக்கியை மாட்ட முடியாமல் கண்ணாடி முன் அவள் கண்கலங்கி நின்றதை அவர் பார்த்துவிட்டார். அன்றிலிருந்து அவள் அயர்ந்து தூங்கும் மத்தியானங்களில் தையலைப் பிரிப்பார். உள்ளே மடித்து விட்ட துணியைக் கொஞ்சம் வெளியே தள்ளித் தைத்து, இஸ்திரி போட்டு, அதே ஆணியில் மாட்டிவிடுவார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர்கள் உண்டு. நம்ம ஆள் தையலில் மறைத்தார்.

இத்தனைக்கும் அவள் ஒரு காலத்தில் பட்டன் தைப்பதில் அவரையே தோற்கடித்தவள். இப்போது ஊசி கையில் இருக்க, கல்லாமேஜையில் தலைசாய்த்துத் தூங்குகிறாள். விழித்ததும், “சோம்பேறிக் கழுதை” என்று தன்னையே திட்டிக்கொள்கிறாள். அதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

“அப்போ மாத்திரை வேண்டாம்,” என்று டாக்டரம்மா பேனாவை மூடினார்.

சொன்னால் வீட்டில் பூகம்பம். சொல்லாவிட்டால் அவள் இப்படியே தன்னைத் திட்டிக்கொண்டு கிடப்பாள்.

“டாக்டர்,” என்றார். “இனிமே பிரிக்கிறதுக்குத் துணி இல்லீங்க.”

இரு பெண்களும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் மனைவியின் சட்டை விளிம்பைத் திருப்பிக் காட்டினார். பழைய தையலின் ஊசித் துளைகள் வரிசைவரிசையாக இருந்தன. அதன் பிறகு மடை திறந்தது: மத்தியானத் தூக்கம், வெயிலிலும் போர்த்திக்கொள்ளும் கம்பளி, மறந்துபோகும் வாடிக்கையாளர் அளவுகள்.

டாக்டரம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு எழுதினார். “சின்ன அளவுல ஆரம்பிக்கலாம். காலைல வெறும் வயித்துல போடுங்க, டீயெல்லாம் அப்புறம். எடை மளமளன்னு குறையும்னு நினைக்காதீங்க. களைப்பு போகுதான்னு பாப்போம். சில வாரத்துல மறுபடி ரத்தம் பாத்து, அப்போ முடிவு பண்ணலாம்.”

தெருமுனை வரை அவள் சட்டை விளிம்பைத் தடவிக்கொண்டே நடந்தாள். அவர் வசவுக்குத் தயாராகக் காதைத் தீட்டிக்கொண்டு நடந்தார்.

“என்னங்க.”

“சொல்லும்மா.”

“அப்போ நான் சோம்பேறி இல்லையா?”

“நீயா? எவன் சொன்னான்?”

அவள் முந்தானையை விட்டுவிட்டு, அவர் கைக்குட்டையைப் பிடுங்கிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

மறுநாள் காலை மாத்திரையைப் போட்டுக்கொண்டு டீக்குக் காத்திருந்தாள். அவரும் குடிக்காமல் துணைக்குக் காத்திருந்தார். அவளே அளவு நாடாவை எடுத்து நீட்டினாள்.

“அளந்து சொல்லுங்க. நிஜத்த.”

நாடா இடுப்பைச் சுற்றியதும் வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டாள்.

“மூச்ச விடு.”

விட்டாள். வாடிக்கையாளருக்குச் சொல்வதுபோல் அவர் உரக்கச் சொன்னார்.

“அடப்பாவி மனுஷா, இவ்வளவா!” என்று அவர் காதைத் திருகினாள். “சரி, புதுசா ஒண்ணு தைங்க. உள்ளே நிறைய துணி விடுங்க. பிரிக்கும்போது மட்டும் என்னையும் கூப்பிடுங்க.”