நாற்பத்திரண்டு ரீப்பர்

ஆடிக் காற்று கூடலூரில் எத்தனையோ தகரத்தைப் பறக்கவிட்டிருக்கிறது, எத்தனையோ வாழையைச் சாய்த்திருக்கிறது. படுத்துக் கிடந்த ஒரு மனுஷனை எழுப்பி உட்காரவைத்தது அந்த ஒரு தடவைதான்.

அந்த மனுஷன் ஜெய்த்தூன் பீவியின் கணவர் நத்தர்ஷா. கம்பத்தில் ஒரு சாமில்லில் முப்பது வருஷம் மரம் அறுத்தவர். மரத்தூளை மூச்சாக இழுத்து இழுத்தே நெஞ்சு கெட்டுப்போயிற்று. ஒரு வருஷம் தாண்டுவது கஷ்டம் என்று டாக்டர் ஜெய்த்தூனைத் தனியே கூப்பிட்டுத்தான் சொன்னார். கதவு திறந்து கிடந்தது, உள்ளே இருந்தவருக்கும் கேட்டுத் தொலைத்தது. வீட்டுக்கு வந்த நாளிலிருந்து மூக்கில் ஆக்ஸிஜன் குழாயோடு கட்டிலில் கிடந்தார். சோறு இறங்கவில்லை, பேச்சும் இல்லை. அவர் வாய்க்குப் பயந்தே லோடுமேன்கள் பலகையை அலுங்காமல் இறக்குவார்கள்; அப்பேர்ப்பட்ட வாய் ஒரேயடியாக மூடிக்கொண்டது.

அப்புறம்தான் வாசலோரத்து வாகை மரம் காற்றில் சாய்ந்தது. சத்தம் கேட்டு ஜெய்த்தூன் பதறி ஓடிவந்தால், இவர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்திருக்கிறார்.

"ஸ்டீவனுக்குப் போன் போடு. எவனுக்கும் வித்துப்புடாதே. நம்ம வாசலுக்குக் கதவு செய்யணும்."

ஊருக்கெல்லாம் கதவுக்குப் பலகை அறுத்துக் கொடுத்தவர் வீட்டு வாசலில் தகரக் கதவுதான் ஆடிக்கொண்டிருந்தது. அன்றைக்கு மத்தியானம் ரெண்டு இட்லி சாப்பிட்டார். ஜெய்த்தூன் அடுப்படிக்குப் போய் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள்.

குமுளியில் மரம் அறுக்கிற ஸ்டீவன் செயின் சா ரம்பத்தைத் தூக்கிக்கொண்டு வந்து வாசலிலேயே மரத்தை அறுத்தான். பலகைக்கு ஒன்றரை அங்குலக் கனம் போதுமே என்றான்.

"ரெண்டு அங்குலம் வைடா. அங்குலத்துக்கு ஒரு வருசம் காயணும். ரெண்டு வருசம் ஆகும், ஆகட்டும். அது காயிற வரைக்கும் எனக்கு ஒண்ணும் ஆகாது" என்று ஜன்னலுக்குள்ளிருந்து குரல் வந்தது.

ஜெய்த்தூனுக்குச் சுருக்கென்றது. டாக்டர் கொடுத்தது ஒரு வருஷம். மனுஷன் பலகைக் கணக்கில் ரெண்டு கேட்கிறார். கேட்கட்டும், அல்லா கொடுக்கட்டும் என்று மனதுக்குள் வேண்டிக்கொண்டாள்.

இருபத்தெட்டுப் பலகை தேறியது. பச்சைப் பலகையை ஒன்றின்மேல் ஒன்றாக அப்படியே போட்டால் புழுங்கிக் கெட்டுவிடும். ஒவ்வொரு வரிசைக்கும் அடியில் மெல்லிய சட்டங்களைக் குறுக்கே வைத்துக் காற்றோடவிட வேண்டும். ரீப்பர் என்பார்கள். நாலு பலகையாக ஏழு வரிசை, வரிசைக்கு ஆறு ரீப்பர், ஆக நாற்பத்திரண்டு. கொல்லைக் கொட்டகையில் அடுக்க வேண்டியவள் ஜெய்த்தூன். மகன் முஜிபுர் ரஹ்மான் கோயம்புத்தூரில் வேலை, லீவு இல்லை. நத்தர்ஷாவுக்குக் கட்டிலைவிட்டு இறங்கவே முடியாது, சட்டம் பேச மட்டும் முடியும்.

"ரீப்பர் நல்லாக் காஞ்சிருக்கணும். பட்டை இருக்கக்கூடாது. எல்லாம் ஒரே கனம், முக்கால் அங்குலம். கூடக்கொறைய இருந்துச்சுன்னா பலகை முறுக்கிக்கிரும். கீழ உள்ளதுக்கு நேர் மேல அடுத்தது. பச்சைக் கட்டை வச்சேன்னா கறுப்பு விழுகும், வண்டு ஏறும், அம்புட்டுத்தேன்."

கோழிக்கூண்டின் மேல் பழைய தேக்கு ஜன்னல் சட்டம் ஒன்று கிடந்தது. அதைப் பிளந்து, கைரம்பத்தால் அறுத்து, பகல் முழுக்க உட்கார்ந்து பதினொரு ரீப்பர் செய்தாள். உள்ளங்கை கொப்பளித்துப்போயிற்று. ஒவ்வொன்றையும் அவர் கண்ணுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார், கட்டைவிரலால் தடவினார், மூன்றைத் தூக்கி எறிந்தார்.

"இது ரீப்பரா, பல்லுக்குச்சியா?"

திட்டுகிறார்! ஜெய்த்தூனுக்குக் கை வலி மறந்தே போயிற்று.

மிச்சம் முப்பத்து நாலுக்கு எங்கே போவது? கம்பத்துக்குப் போய்ப் பழைய தேக்கு வாங்கி, அறுக்கக் கொடுத்துக் காத்திருந்து கொண்டுவரலாம். கரண்டு போனால் ஆக்ஸிஜன் மெஷின் நின்றுவிடும், சிலிண்டரை மாற்ற வீட்டில் யார் இருக்கிறார்கள்? கேரளத்துப் பக்கமிருந்து சாரல் மூன்று நாளாக விடவில்லை, காய்ந்த குச்சி ஒன்று ஊரில் கிடையாது. பலகையில் அதற்குள் பூஞ்சை பூக்கத் தொடங்கிவிட்டது. அப்போதுதான் ஸ்டீவன் ஜீப்பிலிருந்து ஒரு கட்டை இறக்கினான். பெட்டி அடிக்கிற இடத்தில் மிஞ்சிய ரப்பர் மரச் சட்டம். வெள்ளைவெளேரென்று, தொட்டால் ஈரம் தெரிந்தது.

"இத்தா, இது மதி, இப்போதைக்குப் போதும். ரெண்டு மாசம் கழிச்சு மாத்திக்கலாம்." அக்கா என்பதைக் குமுளிப் பழக்கத்தில் அவன் இத்தா என்றுதான் கூப்பிடுவான்.

தப்பு என்று அவளுக்குத் தெரியும். முப்பது வருஷம் சாமில்காரனோடு குடும்பம் நடத்தியவளுக்கு ரப்பர் மரத்தில் வண்டு விழும் என்று தெரியாதா? இடுப்பு விட்டுப்போயிருந்தது. அடுக்கி முடித்தால் போதும் என்றிருந்தது. அடுக்கிவிட்டாள்.

"மிச்சத்தையும் செஞ்சுட்டியா?" என்று கட்டிலிலிருந்து கேட்டார்.

"செஞ்சுட்டேன். தேக்குதேன்."

அன்றைக்கே மகனுக்குப் போன் போட்டு, "உங்கம்மா ஒத்தையில நாப்பத்திரண்டு ரீப்பர் செஞ்சுருக்காடா. மில்லுல ஒரு பய இப்படிச் செஞ்சதில்ல" என்று மூச்சு வாங்க வாங்கப் பெருமையடித்தார். ஜெய்த்தூன் அதைக் கேட்டுக்கொண்டு நின்றாள். பூமி பிளந்து தன்னை விழுங்கினால் தேவலை என்றிருந்தது.

ரெண்டு மாசம் கழித்து எங்கே மாற்றுவது? ஒவ்வொரு பலகையும் ரெண்டு ஆள் தூக்குகிற கனம். ஸ்டீவனும் மறையூர்ப் பக்கம் வேலைக்குப் போய்விட்டான். தினமும் காலையில் கண் விழித்ததும் அவர் கேட்பார்: "அடுக்கு எப்படி இருக்கு?" நல்லா இருக்கு என்பாள். அந்தப் பதிலைக் கேட்ட பிறகுதான் கஞ்சிக்கு வாய் திறப்பார்.

மார்கழியில் ஒருநாள் அடுக்குக்கு அடியில் வண்டு அரித்த மாவு கொட்டிக் கிடந்தது. ரப்பர் ரீப்பர் முழுக்கப் பொத்தல். பலகையின் வெள்ளைப் பகுதியிலும் குண்டூசி குத்தினாற்போல் ஓட்டைகள். மண்ணெண்ணெயைத் தடவிப் பார்த்தாள். ஒன்றும் பலிக்கவில்லை. தினமும் அவர் எழுவதற்கு முன்னால் மாவைப் பெருக்கித் தள்ளிவிட்டு வந்து, நல்லா இருக்கு என்பாள். ஒரு பக்கம் தன்மேல் வெறுப்பு. இன்னொரு பக்கம் அவர்மேலும் ஆத்திரம் வந்தது. உயிரைக் கொண்டுபோய் இந்த மனுஷன் பலகையிலா வைப்பார்? வைத்துவிட்டு அதைச் சுமக்க இவளையா விடுவார்?

பொங்கல் லீவுக்கு முஜிபுர் வந்தான். வந்த மறுநாளே, அவள் தடுக்கத் தடுக்க, அத்தாவை நாற்காலியோடு தூக்கிக் கொண்டுபோய்க் கொட்டகையில் வைத்தான்.

நத்தர்ஷா பலகையைப் பார்க்கவில்லை, நேரே ரீப்பரைத்தான் பார்த்தார். ஒன்றின் முனையை விரலால் அழுத்தினார். பொலபொலவென்று உதிர்ந்தது. மேல்வரிசைப் பலகைகள் முறுக்கிக்கொண்டு நின்றன. விரலில் ஒட்டிய தூளை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

முஜிபுர் எகிறினான். "ரப்பர் கட்டைய எந்தக் கூமுட்டைம்மா வச்சது? அம்புட்டும் பாழாப் போச்சே!"

"நாந்தேன் வைக்கச் சொன்னேன்" என்றார் நத்தர்ஷா. "அவள ஒண்ணும் கேக்காதே. உள்ள தூக்கிட்டுப் போ."

மறுநாள் காலையில் அவர் கண் விழித்தபோது ஜெய்த்தூன் பக்கத்திலேயே நின்றாள். அடுக்கைப் பற்றி அவர் கேட்கவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. கஞ்சி ரெண்டு வாயோடு நின்றது.

மகனுக்கு மனசு கேட்கவில்லை. தேனிக்குப் போய்வந்து, "ரெடிமேட் கதவு சொல்லிருக்கேன் அத்தா. ரெண்டு வருசமெல்லாம் காத்துக் கிடக்க வேணாம், ரெண்டே நாள்ல வந்துரும்" என்று சந்தோஷமாகச் சொன்னான். பாவம், அவனுக்கென்ன தெரியும்?

"ரெண்டு நாளா? நல்லது" என்றார் அவர். பலகை காய்கிற வரைக்கும் தனக்கு ஒன்றும் ஆகாது என்று அவர் சொன்னது ஜெய்த்தூனுக்கு ஞாபகம் வந்தது.

கதவு வியாழக்கிழமை வந்தது. மாட்டியதும் முஜிபுர் திறந்து மூடிக் காட்டினான். என்ன மரம், யார் அறுத்தது என்று நத்தர்ஷா ஒரு வார்த்தை கேட்கவில்லை. நல்லா இருக்கு என்று தலையை ஆட்டினார்.

மத்தியானம் ஜெய்த்தூன் கஞ்சியைக் கரண்டியில் எடுத்து வாய்க்குக் கிட்டே கொண்டுபோனாள். வாய் திறக்கவில்லை. கஞ்சி அவர் சட்டையில் சிந்தியது.

"பொய் சொன்னது நாந்தேங்க. ஏசுங்க. நாலு பேருக்குக் கேக்கறாப்புல ஏசுங்க. ஏசிட்டாவது ஒரு வாய் குடிங்க."

அவள் கையைப் பிடித்துக் கரண்டியை மெல்லக் கீழே இறக்கினார். முகத்தில் கோபமே இல்லை.

"விடு ஜெய்த்தூனு. கதவுதேன் வந்துருச்சுல்ல" என்றார்.